ராஜூவின் காது

"பட்டனை அமுக்காதீங்க அண்ணே. நான் இன்னும் மெஷினைப் போடவே இல்ல," என்றாள் எலிசபெத்.

ஜெயரட்ணம் விரலை எடுத்தார். 1986ஆம் வருஷம், நியூசிலாந்தின் விரி என்ற இடத்தில் தகர டின் செய்யும் தொழிற்சாலை அது. தகரத்தை அழுத்தி வெட்டும் பிரெஸ் மெஷினில் அவருக்கு வேலை. தொழிலாளர்களின் காதைச் சோதிக்க வருகிற மலேசியத் தமிழ் நர்ஸ் அவள். ஹெட்போனில் 'பீப்' சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். கேட்காதபோதும் அமுக்கினால் நல்ல மார்க் விழும் என்று ஜெயரட்ணம் நம்பியிருந்தார்.

ஒழுங்காகச் சோதித்தபோது இடது காது மோசம், வலது காது சுமார்.

"வீட்டுல பாட்டு சத்தமா வைப்பீங்களா?"

"கொஞ்சம் சத்தமாத்தான்."

"குறைச்சுக்குங்க. மூணு மாசம் கழிச்சு வருவேன். இன்னும் மோசமா இருந்தா பிரெஸ்ல விட மாட்டாங்க. ஸ்டோருக்கு மாத்திடுவாங்க."

பிரெஸ் மெஷின்களைச் சுற்றி ஜெயரட்ணம் கதைபேச எட்டுப் பேர் இருந்தார்கள். ஸ்டோரில் அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன.

அன்று மாலையே பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் இருந்த தன் வீட்டில் ஸ்டீரியோவைத் துணி போட்டு மூடினார். அதோடு இன்னொரு வில்லங்கம் வந்தது. இதுவரை மனைவி ரதிதேவி சொன்னது விளங்காவிட்டால் பாட்டின்மேல் பழியைப் போட்டுவிடலாம். இப்போது அந்த வழியும் அடைபட்டதால், விளங்காததற்கெல்லாம் ஆமென்று தலையாட்டி "ஓம்" என்றார்.

சனிக்கிழமை வாசலில் பதினாறு பேர் வந்து நின்றார்கள்.

"பூசை எங்கட வீட்டில வைப்பமோ எண்டு கேட்டன். ஓமெண்டனீங்கள்," என்றாள் ரதிதேவி. "நீங்கள் பஜனை பாடுவீங்களோ எண்டும் கேட்டன்."

பாடினார்.

திங்கட்கிழமைதான் பக்கத்து பிரெஸ்ஸில் நிற்கும் ராஜூவை அவர் ஊன்றிப் பார்த்தார். மலேசியாக்காரப் பையன். அந்த இரைச்சலில் அவன் நிற்கத் தொடங்கி ஆறு வருஷம். ஜெயரட்ணம் மூன்றே வருஷம். ஆனால் அவன் காது கண்ணாடிபோலத் துல்லியம் என்று எலிசபெத்தே சொல்லியிருந்தாள். அவனோ இடுப்பில் வாக்மேன், காதுக்குள் இயர்போன், அதன்மேல் இரைச்சலைத் தடுக்கத் தொழிற்சாலை கொடுத்த காதுமூடி என்று முழுநாளும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பவன்.

ஜெயரட்ணத்துக்குப் பிடிபடவில்லை. பாட்டு காதைக் கெடுக்கும் என்கிறாள் நர்ஸ். காலையிலிருந்து மாலைவரை பாட்டுக் கேட்கிறவனுக்கோ காதில் ஒரு பழுதும் இல்லை. இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்.

"காதுக்குள்ள முதலே பாட்டு நிறைஞ்சிருந்தா மெஷின் சத்தம் நுழைய இடமில்லை," என்று ரதிதேவிக்கு விளக்கினார். "சீற் நிரம்பின பஸ் மாதிரி."

"நர்ஸைக் கேட்டனீங்களோ?"

கேள்வி விளங்கவில்லை. "ஓம்," என்றார்.

மறுநாள் ஒரு வாக்மேன் வாங்கினார். பிரெஸ் இரைச்சலில் பாட்டுக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினார். அப்போதும் கேட்கவில்லை. போகும் எல்லைவரை கூட்டிவிட்டார். ஒருநாள் ஃபோர்மன் வந்து ஏதோ கேட்க, மரியாதைக்குத் தலையாட்டினார். மறுவாரம் தொழிற்சாலையின் ரக்பி அணிப் பட்டியலில் ஜெயரட்ணம் என்ற பெயர் இருந்தது. வயது நாற்பத்தாறு. ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினார். அதுவும் விசில் ஊதியது கேட்காமல் தனியாக ஓடிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து எலிசபெத் வரைபடத்தை அவர்முன் வைத்தாள். கோடு மலையிறங்கிப் போயிருந்தது.

"என்னதான் பண்ணீங்க அண்ணே?"

"வைத்தியம்," என்றார்.

திங்கட்கிழமை முதல் ஸ்டோர் என்று முடிவாயிற்று.

பிரெஸ்ஸில் அவருக்குக் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு மெஷின்கள் நின்றிருந்தன. ராஜூ தனியே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். ஜெயரட்ணம் அவன் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"தம்பி, கோவிக்காதையும். எனக்கு இது தெரிஞ்சே ஆகவேணும். அப்பிடி என்ன பாட்டு நீர் கேக்கிறனீர்? எவ்வளவு சத்தத்தில?"

ராஜூ சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு தயக்கத்தோடு வாக்மேனைத் திறந்து அவர் கையில் கொடுத்தான். உள்ளே கேசட் இல்லை. பேட்டரியும் இல்லை.

அவர் காதருகே வந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான்:

"நீங்க புதுசா வந்தப்ப, கதை பேசணும்னு உங்க காதுமூடியைக் கழட்டிட்டு வந்து என்னோடதையும் தினமும் கழட்டுவீங்கல்ல அண்ணே, அதுக்குப் பயந்துதான் இதை மாட்டிக்கிட்டேன்."