கிரீட்டில் குத்திய மீனும் கிளென்ஃபீல்ட் வித்துவான்களும்

மீன்வித்துவான் என்றோர் இனம் இருக்கிறது. இரண்டு கால், ஒரு மூக்குக்கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் கோத்த இரண்டு கைகள். ஆக்லாந்தில் சனிக்கிழமை காலையில் எந்த மீன்கடைக்குள் நுழைந்தாலும் ஐஸ் தட்டுகளுக்கு முன்னால் ஒன்றையாவது காணலாம். கிட்டப் போகாதீர்கள். கிட்டப் போனால் பேசும். போகாவிட்டால் கூப்பிட்டு வைத்துப் பேசும்.

இவருக்கு மீன் பிடிக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. வீட்டில் எதைப் போட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழும்புவார். அவருக்குப் பிடித்தது மீனின் பெயர். கடைக்காரர் பெரிய எழுத்தில் பலகை எழுதி ஐஸுக்குள் குத்தி வைத்திருப்பார், அதற்குக் கீழே எந்தக் கடலில் எந்த நாளில் பிடித்தது என்பதும் இருக்கும், பக்கத்தில் படமும் இருக்கும். நம்முடைய வித்துவான் அதில் ஒரு எழுத்தையும் படிக்கமாட்டார். குனியவும் மாட்டார். நின்ற நிலையில் மீனை ஒருமுறை நோக்குவார். மூக்கால் ஒரு மூச்சு விடுவார். பிறகு தீர்ப்பு வரும்: "உது எங்கட ஊர் மீன்தான்."

விலங்கியல் படித்தவர்கள் செதிலை எண்ணுவார்கள், துடுப்பை எண்ணுவார்கள். வித்துவானுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவருடைய சாத்திரத்தில் கேள்வி ஒன்றுதான்: சொதிக்கா, பொரியலுக்கா? மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும். ஒரே ஒரு பலவீனம் உண்டு. உயிரோடு நீந்துகிற மீனைக் காட்டினால் ஆள் திணறிப்போவார். அவருக்கு மீன் என்றால் ஒருபக்கமாகப் படுத்திருக்க வேண்டும், வாயைத் திறந்திருக்க வேண்டும், பெருவிரலால் செவுளைத் தூக்கிப் பார்க்க விட வேண்டும்.

உதாரணத்துக்கு என் நண்பர் சோதிலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் சொந்த வீடு. மவுண்ட் வெல்லிங்டன் பண்டகசாலை ஒன்றில் இருபத்தாறு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்த நாட்டுக் கடலில் உள்ள மீன்களுக்கெல்லாம் யாழ்ப்பாணத்துப் பெயர் சூட்டியவர் அவரே. ஸ்னாப்பர் விளைமீன் ஆனது அவரால். ட்ரெவலி பாரை ஆனதும் அவரால். கஹாவாய்க்கு மட்டும் ஒரு பெயர் நிலைக்கவில்லை, ஒரு வருஷம் சூரை, மறுவருஷம் சீலா, அதற்கு அடுத்த வருஷம் "சீலாவுக்குச் சொந்தக்காரன்." கிங்ஃபிஷ் என்றால் அறக்குளாதான் என்று அவர் சொன்னதை நம்பி நானும் மூன்று வருஷம் அறக்குளா என்று தின்றேன். நல்ல ருசி. அது அறக்குளாவே இல்லை என்று அறிந்த நாளோடு ருசி போய்விட்டது.

ஊரெல்லாம் கேட்டது அவருடைய பேச்சை. கேட்காதது ஒரே ஒரு ஆள். அவருடைய மகள் வித்தியா. சின்ன வயதில் மீன்கடைக்குக் கூட்டிப்போனால் மூன்று அடி தள்ளி நின்று யாரோ வெள்ளைக்காரரின் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். "அப்பா, ஸ்னாப்பர் எண்டு அங்க எழுதியிருக்கு, ப்ளீஸ்," என்பாள். வளர்ந்தாள், படித்தாள், யசீகரனைக் கட்டினாள், வங்கியில் பெரிய வேலைக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது "அப்பா, இது என்ன மீன்?" என்று கேட்டதில்லை. மனுஷனுக்கு அது உள்ளே கிடந்து உறுத்தியது. நூறு பேர் தலையாட்டினாலும் பெற்ற பிள்ளை கொட்டாவி விட்டால் அது என்ன வித்துவத்துவம்?

இனிக் கதைக்கு வருகிறேன். போன ஜூலையில், இங்கே நடுக்குளிர்காலத்தில், வித்தியாவும் யசீகரனும் நம்முடைய குளிரையும் மழையையும் எங்களிடம் விட்டுவிட்டு மத்தியதரைக் கடலில் நீந்தப் போனார்கள். கிரீட் தீவு. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு நாங்கள் சோதிலிங்கம் வீட்டில் ஹீட் பம்ப்புக்குக் கீழே குந்தியிருந்தோம். அங்கே அப்போது காலை பத்து மணி. சபையில் யார் யார்? முப்பது வருஷம் பூகோளம் படிப்பித்த சபாரத்தினம் மாஸ்டர். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக எப்சம் வட்டாரத்தில் ரெண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும் தூத்துக்குடிப் பழனிவேல், கம்ப்யூட்டர்காரர். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்து மழைக்கு ஒதுங்கிய பக்கத்து வீட்டு சுரேந்திரா. பிஜித் தமிழர், குழாய் வேலை, சொந்தப் படகு வைத்துச் சொந்தமாக மீன் பிடிப்பவர். எங்களில் அவர் ஒருவர்தான் மீனைக் கடலில் கண்டவர், ஆகவே அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இவர்களோடு அடியேன். குசினியில் சோதிலிங்கத்தின் மனைவி ரதிதேவி அக்கா பிட்டு அவித்துக்கொண்டிருந்தா.

போன் அடித்தது. பழனிவேல் அதை டிவியில் ஏற்றிவிட்டார். திரை முழுக்க யசீகரனின் வலது கை. சுட்டுவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பின்னால் அவன் முனகுவதும் கேட்டது.

"அப்பா, குயிக்கா சொல்லுங்கோ," வித்தியாவின் குரல் நடுங்கியது. "மதிலடியில ஒருத்தர் தூண்டில் போட்டவர். மீனைக் கழற்றிக் குடுக்கிறன், இது ஒண்டும் செய்யாது எண்டு இவர் போய்ப் பிடிச்சவர். குத்திப்போட்டுது. உயிர் போற நோவாம்." படம் ஆடியது. ஒரு நீல வாளி. அதற்குள் இரண்டு உள்ளங்கை அளவில் ஒரு மீன்: தட்டை உடம்பு, பாசியும் தவிடும் கலந்த நிறம், எதையோ மென்றுகொண்டிருப்பது போல ஒரு சின்ன வாய், முதுகு நீளத்துக்கும் சீப்புப் பல்லாக முள். "அப்பா, இது என்ன மீன்?"

கேட்டுவிட்டாள்!

சோதிலிங்கம் மூக்கால் மூச்சு விடவில்லை. சொதியா பொரியலா என்று யோசிக்கவில்லை. மீன் நீந்துகிறதே என்றும் தடுமாறவில்லை. "ஒரா," என்றார். "ஒரா முள்ளு. கை தாங்கிற சூட்டில சுடுதண்ணி எடுத்து விரலை அதுக்குள்ள விடச் சொல்லு. ஓடு பிள்ளை!"

இருபது வயதில் அதே முள்ளால் அதே விரலில் குத்து வாங்கியவர் அவர். ஆயிரம் மீனுக்குப் பெயர் சொன்ன மனுஷன் உண்மையில் அறிந்த மீன் அது ஒன்றுதான், அதையும் வலியால் அறிந்தது. திரையில் படம் சுழன்றது, ஒரு கல் மதிலும் கொஞ்சம் ஆகாயமும் தெரிந்தன, அப்படியே நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். விட்டோமா?

"சோதி," என்று மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "ஒராவோ? மத்தியதரைக் கடலிலயோ? ஒரா இந்து சமுத்திரத்து மீன். உலகப் படத்தை ஒருக்கா மனசில விரிச்சுப் பாரும். இடையில ஆப்பிரிக்காக் கண்டமே கிடக்குது. அது என்ன, விசா எடுத்துக்கொண்டு பிளேனில போனதோ?"

"முள்ளு குத்துச்சுன்னா அது கெளுத்திங்க," என்றார் பழனிவேல். "சந்தேகமே வேணாம்."

"கெளுத்திக்கு மீசை இருக்குமே, எங்க மீசை?" என்று மாஸ்டர் மடக்கினார்.

"ஐரோப்பா மீனில்ல சார், வழிச்சிருக்கும்."

"நுங்கா," என்றார் சுரேந்திரா மூலையிலிருந்து.

"கலவாயின்ர சாதி," என்றார் மாஸ்டர். "கண்ணைப் பார்த்தால் தெரியும்."

"நுங்கா. பிஜியில நிறைய இருக்கு அங்கிள். ஹாட் வாட்டர்தான் கரெக்ட்."

"தம்பி, அது பிஜிப் பெயர். நாங்கள் இஞ்ச மீனைப் பற்றிக் கதைக்கிறம்," என்றார் மாஸ்டர்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நான் சும்மா இருக்கவே நினைத்தேன். சத்தியமாக. ஆனால் எல்லோரும் ஒன்று சொல்ல நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் சபையில் என்ன மதிப்பு? எங்கேயோ வாசித்த ஒன்று ஞாபகம் வந்தது. "மத்தியதரைக் கடலில உப்புக் கூடுதல், ஒரா தாங்காது," என்றேன். மாஸ்டர் மெச்சும் விதமாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை தந்த உற்சாகத்தில் இன்னொன்றும் சொன்னேன்: "வீக்கத்துக்குச் சுடுதண்ணி கூடாது. ஐஸ்தான் வைக்க வேணும்."

சோதிலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருஷமாகத் தெரியாத மீனுக்கெல்லாம் அடித்துப் பெயர் சொன்னவர், ஒரு குண்டூசியளவு சந்தேகமும் இல்லாமல் சொன்னவர், தெரிந்த ஒரே மீனில் ஆட்டம் கண்டார். ஏனென்றால் இந்த முறை கேட்டது மகள். இந்த முறை பிழைத்தால் ஒருநாளும் இனிக் கேட்கமாட்டாள். "நான் ஒரா மாதிரி எண்டுதானே சொன்னனான்," என்றார் முதலில். பிறகு, "ஒரா எண்டு வடிவாச் சொல்லேல்லை." கடைசியில் எழும்பிப் போய் டிவிக்கு முன்னால் நின்று, கல் மதிலையும் ஆகாயத்தையும் பார்த்துக் கூவினார்:

"பிள்ளை! வித்தியா! அப்பா சொன்னது பிழை! உது ஒரா இல்லை! சுடுதண்ணி வேண்டாம், ஐஸ் வை! கேக்குதோ?"

ஆகாயம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கடற்பறவை திரையின் குறுக்கே போனது. அது என்ன பறவை என்று பழனிவேல் சொல்ல வாயெடுத்தார்.

இருபது நிமிஷம் வாதம் நடந்தது. அதற்குள் மீன் கலவாயிலிருந்து கிளிமீனாகி, கிளிமீனிலிருந்து "கிரேக்கர் மட்டும் தின்னும் ஒரு சாமான்" ஆகி, மறுபடி கெளுத்தியில் வந்து நின்றது. யசீகரனின் விரலை நாங்கள் மறந்தே போனோம் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். ரதிதேவி அக்கா மட்டும் கரண்டியும் கையுமாகக் குசினி வாசலில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தா.

மதில் ஆடியது. வித்தியாவின் முகம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் கண்ணீர் காயவில்லை.

"அப்பா! நோவு முக்கால்வாசி போட்டுது! போனை மதிலில வைச்சிட்டு ரெண்டு பேரும் கோப்பிக் கடைக்கு ஓடினனாங்கள். கடைக்கார அன்ரியும் சுடுதண்ணிதான் எண்டு சொன்னவ. இது இஞ்சத்த மீன் இல்லையாம் அப்பா, செங்கடலில இருந்து சூயஸ் கால்வாய்க்குள்ளால வந்து குடியேறினதாம். இவையள் இதுக்கு ஜெர்மன்காரன் எண்டு பேர் வைச்சிருக்கினம். போனில தேடிப் பார்த்தன், நீங்கள் சொன்ன ஒராவின்ர சாதிதான்!"

சூயஸ் கால்வாய் என்ற சொல் விழுந்ததும் மாஸ்டர் கூரையைப் பார்த்தார். முப்பது வருஷம் அவர் கரும்பலகையில் கீறிய கால்வாய் அது.

"வழமையா நீங்கள் ஒரு மீன் எண்டா அரை மணித்தியாலம் கதைப்பீங்கள்," என்றாள் வித்தியா. "இண்டைக்கு டக்கெண்டு சொன்னீங்கள். அதாலதான் நம்பி ஓடினனான். நான் போன பிறகு ஏதும் சொன்னீங்களோ?"

எல்லோரும் சோதிலிங்கத்தைப் பார்த்தோம். அவர் வாய் திறந்தது. கண் ரதிதேவி அக்காவிடம் போனது.

"ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை," என்றா ரதிதேவி அக்கா. "மருமகனை டொக்டரிட்டயும் ஒருக்காக் காட்டு. இஞ்ச பிட்டு ஆறுது, நாங்கள் சாப்பிடப் போறம்."

மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்த சோதிலிங்கம் பிட்டைத் தொடவில்லை. "அவள் நிண்டு கேட்டிருந்தாளெண்டா?" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. ஐஸ் வைக்கச் சொன்னவன் நான் என்பதால் எனக்கும் பிட்டு இறங்கவில்லை. மகள் அவரை நம்பிய அளவுக்கு அவர் தன்னை நம்பவில்லை. அதற்குக் காரணம் எங்கள் மூன்று வாயும்.

ஆனால் இந்த இனம் லேசில் அழியாது, கவலைப்படாதீர்கள். "சூயஸ் கால்வாய் எண்டு அப்பவே எனக்கு யோசனை வந்தது, சொல்ல விடேல்லை," என்றார் மாஸ்டர் இரண்டாம் தரம் குழம்பு விட்டுக்கொண்டு. "கெளுத்தி குத்தினாலும் சுடுதண்ணிதாங்க," என்றார் பழனிவேல். பிஜியில் நுங்கா என்றால் ஒராதான் என்பதை யாரும் கேட்காததால், சுரேந்திரா சாப்பிட்டு, அக்காவுக்கு நன்றி சொல்லி, வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை சோதிலிங்கத்தை மீன்கடையில் கண்டேன். ஆள் மாறியிருந்தார். குனிந்தார். முதன்முறையாகப் பலகையைப் படித்தார், எழுத்தெழுத்தாக. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பிழையா எழுதியிருக்கிறாங்கள்," என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போகிறேன். நீல வாளிக்குள் கிடந்த அந்த மீனை நான் வர்ணித்தேனே, தட்டை உடம்பு, சின்ன வாய், சீப்புப் பல்லாக முள். அப்போது, சோதிலிங்கம் வாய் திறக்க முன்னமே, நீங்கள் மனதுக்குள் ஒரு பெயர் சொன்னீர்கள். எனக்குக் கேட்டது. அது ஒரா இல்லை. இரண்டு வரி தள்ளி ஒரா என்று வாசித்ததும், "அதைத்தானே நானும் சொல்ல வந்தேன்" என்றீர்களே, அதுவும் கேட்டது. சனிக்கிழமை காலை ஐஸ் தட்டுக்கு முன்னால் சந்திப்போம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாருங்கள்.