பனி வண்டி எண்ணெய் விடுகிறது, மாப்பிள்ளை

வடக்கனந்தல்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் அவர்களுக்கு, மாமனார் சுப்புராயன் பணிவுடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை கண்ணகி, கறவை மாடு, கொல்லைக் கரும்பு அனைவரும் நலம். கனடாவில் தாங்களும் தங்கள் உத்தியோகமும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நலமானவர்கள் வரிசையில் தங்கள் பனி வண்டியைச் சேர்க்காதது மறதியால் அல்ல. என் மகள் சந்தியாவைச் சேர்க்காததும் மறதியால் அல்ல. இரண்டுக்கும் காரணம் கீழே வருகிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சரிங்க மாமா" என்கிறீர்கள், நான் "சரிங்க மாப்ள" என்கிறேன், பிறகு இருவரும் மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறோம். கடிதத்தில் நடுவில் நீங்கள் சரி சொல்ல முடியாது.

தாங்கள் அறிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். இருவரும் ஊரோடு வந்துவிடுவதாக முடிவு செய்து, வீட்டுச் சாமான்களைக் கப்பலில் ஏற்றினீர்கள். ஏற்றிய பிறகு கம்பெனி இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொல்லிவிட்டது. நீங்கள் அங்கேயே தங்கிவிட்டீர்கள். தை மாதம் சந்தியா தனியாக வந்து இறங்கினாள். பங்குனியில் சாமான்கள் வந்தன. கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக ஒரு பெரிய மரப்பெட்டி. பிரித்துப் பார்த்தால் அங்கே பனிமேல் ஓட்டுகிற தங்கள் வண்டி; முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, அடியில் புல்டோசருக்கு இருப்பது போல ரப்பர் பட்டை. பக்கத்து வீட்டுக் காசியம்மாள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா கண்ணகி, சக்கரத்த கப்பல்லயே வுட்டுட்டாங்களா?" என்று வருத்தப்பட்டாள். "கோடைக்கு மட்டும் நெழல்ல வச்சிருங்க மாமா, பனி வந்ததும் எடுத்துக்கலாம்" என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். மாப்பிள்ளை வாக்கு என்பதால் சரி என்றுவிட்டேன். எங்கள் ஊரில் கோடைக்கு மட்டும் என்றால் எவ்வளவு காலம் என்று அப்போது யோசிக்கவில்லை.

மல்லாட்டைக் கடலை மூட்டைகளை நகர்த்தி, கொட்டகையில் இடம் செய்து, வண்டிக்கு என் பழைய வேட்டியைப் போர்த்தினேன். சந்தியா அந்தப் பக்கமே வரவில்லை. எதற்கம்மா கோபம் என்று அவள் அம்மா கேட்டதற்கு, "என்னக் கேக்காம வாங்கனாரு. என்னக் கேக்காம கப்பல்ல ஏத்தனாரு. என்னக் கேக்காமயே அங்க தங்கறன்னு கம்பெனிக்காரங்கிட்ட சொல்லிட்டாரு. அந்த வண்டிய என் கண்ணுல காட்டாதீங்க" என்றாள். ஆடி மாதம் பிள்ளைகள் பிரிந்திருப்பது நம் பக்கத்து வழக்கம்தான். தையிலிருந்து பிரிந்திருக்கும் வழக்கம் எந்தச் சாதியிலும் இல்லை. ஆனால் இதையெல்லாம் நான் எழுதக் கூடாது. வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

சித்திரை வெயில் ஏறியதும் வண்டி எண்ணெய் விட ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது கோழிதான். மண்ணில் புரண்டுவிட்டு ஒரு பக்கம் நீலமாக வந்து நின்றது. கண்ணகி பயந்துபோய் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தால் வண்டிக்கு அடியில் நீல எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மல்லாட்டை மூட்டை பாதி குடித்துவிட்டது. உடனே தங்கதுரையைக் கூப்பிட்டேன். மருந்தடிக்கும் மிஷின், பழைய மொபெட் எல்லாம் பழுது பார்க்கிறவன். நல்ல பையன், தெரியாது என்ற சொல் மட்டும் அவனுக்குத் தெரியாது. "டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தாண்ணா. நம்ம மருந்தடிக்கற மிஷினோட பெரியப்பா புள்ள" என்று சொல்லி, வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாயை மாற்றி முடுக்கினான். சொட்டுவது நின்றது. நானும் நிம்மதியாக, குறைந்திருந்த எண்ணெயை வாங்கி வண்டியின் எண்ணெய் டப்பா நிறைய ஊற்றி வைத்தேன்.

சில நாள் கழித்துப் பார்த்தால் எண்ணெய் டப்பாவில் மறுபடியும் குறைச்சல். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. மறுபடி ஊற்றினேன். மறுபடி குறைந்தது. உங்கள் பொருள் என் வீட்டில் இருக்கும்போது வறண்டு போகக் கூடாதே என்ற பதைப்பில், கன்றுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பதுபோல் வைகாசி முழுக்க ஊற்றிக்கொண்டே இருந்தேன். எங்கே போகிறது என்றுதான் விளங்கவில்லை. யாராவது திருடுகிறார்களா என்று கொட்டகைக்குப் பூட்டுப் போட்டேன். பூட்டிய கொட்டகையிலும் குறைந்தது. தங்கதுரை வந்து தரையைத் தடவிப் பார்த்தான், மோந்து பார்த்தான், கூரையையும் ஒருமுறை பார்த்தான். "ஆவியாப் பூடுதுண்ணா. குளுர் நாட்டு வண்டி, நம்ப வெயில் தாங்கல. கல்வராயன் மலைக்கு ஏத்திடுங்க, தானா நின்னுபூடும்" என்றான்.

சிரிக்காதீர்கள் மாப்பிள்ளை. கைக்குழந்தைக்கு வேர்க்குரு வந்தால் நாமும் குளிர்ந்த இடத்துக்குத்தானே தூக்கிப் போவோம். மலைமேல் கரியாலூரில் என் சிநேகிதர் சின்னப்பன் இருக்கிறார். மலையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கி, சீவிக் காயவைத்து, சேலம் பக்கம் மாவு மில்லுக்கு அனுப்புகிறவர். அவர் கொட்டகையில் இடம் கொடுத்தார். டிராக்டர் டிப்பரில் வைக்கோல் பரப்பி, வண்டியை ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, தங்கதுரையை உடன் அழைத்துக்கொண்டு மலையேறினேன். ஒவ்வொரு வளைவிலும் யாராவது நிறுத்தி இது என்ன என்று கேட்டார்கள். பனியில் ஓடும் வண்டி என்றேன். "அப்பிடியா? மார்கழியில எங்க ஊர்லயும் பனி ஜாஸ்திதான். ஓட்டிப் பாக்கலாமே" என்றார் ஒரு பெரியவர். இது வேறு பனி, கால் புதைகிற பனி என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. பாதியில் எனக்கே நம்பிக்கை குறைந்துவிட்டது.

வண்டியைச் சின்னப்பனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் சந்தியா நிற்கிறாள். முகம் சிவந்திருக்கிறது.

"வண்டி எங்கப்பா?"

"மலைக்கு ஏத்திட்டம்மா. இங்க வெயில் ஒத்துக்கல."

"என்னக் கேக்காம எதுக்கு எடுத்துக்கினு போனீங்க?"

"கண்ணுல காட்டாதன்னு நீதான சொன்ன?"

"கண்ணுல காட்டாதன்னுதான் சொன்னேன். வூட்ட வுட்டு அனுப்புன்னா சொன்னேன்?"

கண்ணகி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில், பதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்சில் சந்தியா மலைக்குக் கிளம்பினாள். நானும் தங்கதுரையும் பின்னாலேயே போனோம். சின்னப்பன் கொட்டகையில் அவள் வண்டிமேல் போர்த்தியிருந்த வேட்டியை உருவி, மூடியைத் திறந்து, எண்ணெய் டப்பாவை எட்டிப் பார்த்தாள். காலி.

"எவ்ளோப்பா ஊத்தினீங்க?"

"கொறயக் கொறய ஊத்தினேன்."

"ஆவியாப் போனது தங்கச்சி" என்றான் தங்கதுரை.

"ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ்ளோ எண்ணெயும் எஞ்சின் வயித்துக்குள்ளதான் கெடக்கு. வண்டி சும்மா நின்னா, பம்பு வழியா சொட்டு சொட்டா உள்ள எறங்கும். அங்க கோடையில நிப்பாட்டறப்ப அந்தக் குழாய்ல ஒரு கிளிப்பு போட்டு நெருக்கி வுடுவாரு. நாந்தான் டார்ச் புடிப்பேன். இந்த வாட்டி அவசரத்துல மறந்துட்டாரு" என்றாள். தாங்கள் மறந்ததைச் சொல்லும்போது, அத்தனை மாதத்தில் முதல்முறையாக அவள் குரலில் கோபம் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளவும்.

தங்கதுரையிடம் ஸ்பேனர் கேட்டு வாங்கி எஞ்சின் பிளக்குகளைக் கழற்றினாள். "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க, கயித்த இழுக்கப் போறேன்" என்றாள். "நா பாக்கறன் தங்கச்சி" என்று தங்கதுரை பிளக் இருந்த ஓட்டைக்கு நேராகக் குனிந்தான். அவள் இழுத்தாள். நான் ஒரு மாதமாக ஊற்றியது எங்கே போயிற்று என்று அப்போது தெரிந்தது. பாதி தங்கதுரை முகத்தில் இருந்தது, பாதி சட்டையில். பிறகு எல்லாவற்றையும் துடைத்து, பிளக்கை மாட்டி, சின்னப்பனிடம் கொஞ்சம் பெட்ரோல் வாங்கி ஊற்றி, மறுபடி இழுத்தாள். வண்டி உறுமியது. கூடவே புகை. மாப்பிள்ளை, நான் ஆலைச் சிம்னி பார்த்தவன், ஆனால் அப்படி ஒரு புகையைப் பார்த்ததில்லை. கொட்டகை மறைந்தது, சின்னப்பன் மறைந்தார், ரோட்டில் வந்த பஸ் நின்றுவிட்டது. காடு பற்றிக்கொண்டது என்று ஜனங்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டு ஓடி வந்து, கண் தெரியாமல் என் மேல் ஊற்றினார்கள்.

புகை விலகிப் பார்த்தால் வண்டியைக் காணோம். முன்னால் ஒரு அகலமான பாறை. சின்னப்பன் அதில் மரவள்ளிச் சீவலை வெள்ளை வெளேரென்று பரப்பிக் காயவைத்திருந்தார். அதன் நடுவே உங்கள் வண்டி பாதை போட்டுக்கொண்டு போய் நின்றிருந்தது. அதன் மேல் சந்தியா. தலை, முகம், புடவை எல்லாம் மாவு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். தையிலிருந்து என் மகள் சிரித்து நான் பார்க்கவில்லை. சின்னப்பனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "போவுது வுடு சுப்பு. சீவல் நாளைக்கும் காயும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிட்டே போனபோது சிரிப்பு நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் என்ன கேட்பது? பக்கத்தில் நின்றேன். அவளாகவே, "அவரு பின்னால உக்காந்துக்கினா காத்து மூஞ்சில அடிக்காதுப்பா. அவ்ளோ குளுர்லயும் எனக்கு அடிக்காது" என்றாள். தோளில் இருந்த துண்டைக் கொடுத்தேன். அது நனைந்திருந்தது.

மாமனார் மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்வது முறையல்ல. ஆகவே இதை வண்டி பற்றிய தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளவும். வெளியே ஒழுகினால் கோழியே காட்டிக்கொடுத்துவிடும், துடைத்துவிடலாம். உள்ளே இறங்கும்போதுதான் தரை சுத்தமாக இருக்கிறது என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம். இனிமேலும் கேட்கலாம். அவள் போனை எடுப்பாளோ மாட்டாளோ, எனக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே லீவு போட்டு நேரில் வாருங்கள். வந்து தங்கள் வண்டியையும் தங்கள் மனைவியையும் சமாதானப்படுத்தி, இரண்டையும் அழைத்துக்கொண்டு போக வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். வண்டியைக் கட்டாயம் எடுத்துப் போக வேண்டும். மல்லாட்டை வைக்க இடமில்லை.

அத்தை தங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். தங்கதுரை வணக்கம் சொன்னான், ஒரு காதில் மட்டும் எண்ணெய் இன்னும் போகவில்லையாம். நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
சுப்புராயன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சந்தியா பார்த்துவிட்டாள். முழுக்க உட்கார்ந்து படித்தாள். மலையிலிருந்து திரும்பிய நாள் முதல் அவள் மாடியில் நின்று தினமும் தங்களோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாளாம். டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டதாம். ஆடி பிறக்கும் முன் அவளே அங்கு வருகிறாள், வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து திரும்புவீர்களாம். கண்ணகிக்கும் தெரியும், காசியம்மாளுக்கும் தெரியும். ஆகவே மேலே எழுதியது எதுவும் தேவையில்லை. லீவு போட வேண்டாம். இந்தக் கடிதத்தை அவளே கைப்பையில் எடுத்து வருகிறாள். தபால்காரர் கொடுத்தது போல மரியாதையாக வாங்கிக்கொள்ளவும்.

வண்டியை எடுத்துப் போகச் சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மலையிலிருந்து இறக்கி, கொட்டகையில் பழைய இடத்திலேயே வைத்தாயிற்று. சந்தியா கிளிப்பு போட்டுக் காட்டினாள். ஒரு சொட்டு எண்ணெய்கூட இப்போது இறங்குவதில்லை. இருந்தாலும் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்கிறேன். அவளும் போய்விட்டால், எனக்கும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஏதாவது வேண்டும் அல்லவா.