ஒரே கோட்டுக் கைக்குள் இரண்டு பேர்

என் வீட்டுக்காரருக்குச் செய்கிற வேலையில் யாராவது பங்கு கேட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அந்த அண்ணாமலையாரே இறங்கி வந்து, "இன்னைக்கு நான் குளிப்பாட்டுறேன், நீ செத்த நேரம் படு" என்றாலும், "சாமி, இவருக்கு எவ்ளோ சூடு வேணும்னு உங்களுக்குத் தெரியாது" என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

அவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மெதுவாக வரும். முன்னாள் ராணுவத்தினரை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாட்டில், நர்ஸ் ரேவதி வாராவாரம் எங்கள் ஊரான அடி அண்ணாமலைக்கு வருவாள். எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, எப்படி உடை மாற்றுவது என்று சொல்லித்தர வந்த பெண்ணுக்கு நான் காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவேன். (புருஷனுக்குச் சட்டை போட எனக்குப் பாடமா?)

கார்த்திகை தீபம் வந்தது. மலையில் தீபம் ஏறும்போது, மெடல் குத்திய கோட்டோடு வாசலில் நின்று சல்யூட் வைப்பது அவர் வழக்கம். "இந்த வருஷமும் வெக்கணும், கமலா" என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

சாயங்காலம் சக்கர நாற்காலியை மலை பார்க்க நிறுத்திவிட்டு, கோட்டை எடுத்தேன். நல்ல கை சமர்த்தாக உள்ளே போனது. வலது கை பாதியில் நின்றுவிட்டது. இழுத்தால் அவர் முகம் சுருங்கியது, வாய் திறக்கவில்லை. நான் ஒரு யுக்தி செய்தேன். கோட்டுக் கையின் நுனி வழியாக என் கையை உள்ளே விட்டு அவர் விரல்களைப் பிடித்தேன். பிடித்தது பிடித்ததுதான். கிழிந்த உள்துணியில் என் வளையல்கள் மாட்டிக்கொண்டன. அவர் கையும் வரவில்லை, என் கையும் வரவில்லை.

அந்தக் கோலத்தில்தான் ரேவதி வந்தாள். அன்று வண்டி விடமாட்டார்கள் என்று கிரிவலக் கூட்டத்தோடு நடந்தே வந்திருக்கிறாள். "ஆடாம இருங்கம்மா" என்று அவள் கிட்டே வருவதற்குள், தெரு முழுக்க அரோகரா எழுந்தது.

நிமிர்ந்தேன். உச்சியில் நெருப்பு. வருஷா வருஷம் பார்ப்பதுதான், ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோட்டுக்குள் அவர் விரல் என் விரலை அழுத்தியது. இல்லை, எனக்கு அப்படித் தோன்றியது. நான் தூக்கினேனா, அவர் தூக்கினாரா, அந்த ஈசன் தூக்கினானா, இன்றைக்கும் தெரியாது. இரண்டு கையும் ஒரே துணிக்குள் எழும்பி அவர் நெற்றிக்குப் போயின. (என் முழங்கை தட்டி அவர் மூக்குக்கண்ணாடி விழுந்தது வேறு விஷயம்.) ரேவதி கைகூப்பி நின்றாள். என் தோள் விண்ணென்று தெறித்தது. இறக்க மனசு வரவில்லை.

"விஸ்ராம்" என்றார் அவர்.

"அப்டின்னா?"

"பட்டாளத்து உத்தரவு. கைய எறக்கு, ஓய்வா இருன்னு அர்த்தம்."

ரேவதி வளையல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். "முடியாத கையத்தாம்மா மொதல்ல போடணும். கழட்டும்போது அது கடைசி" என்றாள்.

அப்படியானால் இத்தனை நாளும் வலித்திருக்குமே. அவரைப் பார்த்தேன்.

"ஆசையா போட்டு உடுற. இன்னாத்த சொல்றது?" என்றார்.

ரேவதி என் தோளை அமுக்கிப் பார்த்து, இது எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.

அவள் சொல்லிக்கொடுத்தபடி இப்போதெல்லாம் பக்கத்தில் வேங்கிக்காலில் குடியிருக்கும் என் மகன் வந்து அப்பாவைக் குளிப்பாட்டுகிறான். தண்ணீர் சூடு சரியாக இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தால் போதும், உள்ளேயிருந்து இரண்டு குரலும் சேர்ந்து வரும்: "விஸ்ராம்!"

உத்தரவை மீற முடியுமா? போய்ப் படுத்துவிடுகிறேன்.