டம்மியாக நிறுத்தப்பட்ட தங்கள் தங்கை குறித்து

மரியே வாழ்க!

பழைய ராயபுரம்,
ஞாயிறு மாலை.

பாசத்துக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் சாவியோ அவர்களுக்கு, தங்கள் தங்கை ஹில்டாவின் வீட்டுக்காரன் யேசுதாஸ் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். ஹில்டா என்னைவிட நலம். இந்தக் கடிதத்துக்குக் காரணமே அதுதான். ஓசூரில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க அந்தோணியாரை மன்றாடுகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் பரவாயில்லை, இது உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய உதவிதான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் சிரித்துவிடுவீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். வடகடலோர வட்டாரப் புவியிடத் தகவல் வல்லுநர் சங்கம் என்று எங்களுக்கு ஒரு சங்கம் இருப்பது தங்களுக்குத் தெரியும். பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போய்விடுவார் என்பதால் வெளியில் ‘மேப் போடுறவங்க சங்கம்’ என்றே சொல்லிக்கொள்கிறோம். துறைமுகத்தில் கடல் ஆழம் அளந்தவர்கள், ரயில்வேயில் பாதை அளந்தவர்கள், கம்ப்யூட்டரில் தெரு வரைகிறவர்கள், இப்போது புதிதாக டிரோன் விடும் பிள்ளைகள் எல்லாரும் இதில் உறுப்பினர்கள். நானும் உறுப்பினர், அம்பத்தூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஹில்டாவும் உறுப்பினர். சங்கம் இதுவரை என்ன செய்தது என்று கேட்டால், கூடியது. கூடி, அடுத்து எப்போது கூடுவது என்று தீர்மானித்தது. அப்படிப்பட்ட சங்கத்துக்குத் தலைவராக வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. உங்களிடம் ஒளிப்பானேன் மச்சான், ரிட்டயர் ஆனதிலிருந்து என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. முன்பெல்லாம் நான் ஆழம் இவ்வளவு என்று சொன்னால்தான் கப்பல் உள்ளே வரும். இப்போது பால் பாக்கெட் ஒன்றா இரண்டா என்றுகூட ஹில்டா தானாகவே முடிவெடுத்துவிடுகிறாள். ஒரே ஒரு தடவை நாலு பேர் முன்னால் யாராவது என்னைத் ‘தலைவரே’ என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இந்தத் தடவை என்னை எதிர்த்து யாரும் மனு கொடுக்கவில்லை. வேறு ஆளாக இருந்தால் மகிழ்ந்திருப்பான். எனக்கோ தலையில் இடி. எங்கள் சங்க விதிப்படி போட்டி இருந்தால்தான் தேர்தல் கூட்டம், மேடை, மாலை, ஏற்புரை எல்லாம். போட்டியில்லை என்றால் தேர்தல் அதிகாரி நீலமேகம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு விஷயத்தை முடித்துவிடுவார். அதற்குக் கீழே நாலு பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள். இதற்கா நான் இத்தனை காலம் காத்திருந்தேன்? அதனால் நம் ஊரில் பெரிய பெரிய கட்சிகள் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு டம்மி வேட்பாளரை நிறுத்துவது, கொஞ்ச நாள் போட்டி மாதிரி காட்டுவது, கடைசியில் வாபஸ் வாங்கவைப்பது. அல்லது வாபஸ் வாங்காமல் கௌரவமாகத் தோற்கவைப்பது. நம்பிக்கையான ஆள் வேண்டுமே என்று யோசித்தேன். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்கு அலைய வேண்டும்? ஹில்டா புளி கரைத்துக்கொண்டிருந்தபோது மனுவை நீட்டினேன். “கையெழுத்து ஒன்னு போடும்மா” என்றேன். “இன்னாத்துக்கு?” என்றாள். “சும்மா, பேருக்கு” என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு போட்டுவிட்டாள். அவள் மனுவை முன்மொழிந்தது யார் தெரியுமா மச்சான்? நான். நீலமேகத்திடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? அதுவும் நான்.

வேட்பாளர் ஒவ்வொருவரும் ‘நான் ஏன் நிற்கிறேன்’ என்று ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும், அதை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புவார்கள். என்னுடையதில் சங்கத்தின் புகழைக் கடல் கடந்து கொண்டுசெல்வேன், மூத்த உறுப்பினர்களுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது, ஆண்டுக்கொரு முறை குடும்பத்தோடு ஊட்டி என்று சகலமும் இருந்தது. சிரமம் வேண்டாமே என்று ஹில்டாவுக்கும் நானே எழுதினேன்: ‘என் கணவரின் வழிகாட்டலில் சேவை செய்ய விரும்புகிறேன்.’ என்ன குறை இதில்? அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள். “இன்னாங்க இது? உங்க வழிகாட்டல்ல நாம பெரம்பூருக்குப் போனாலே புழல்ல போய் நிக்கிறோம்” என்றாள். பிறகு தானே ஒன்று எழுதினாள். அதை அப்படியே கீழே தருகிறேன், தாங்களே நியாயம் சொல்லுங்கள்.

‘மழை வந்தால் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறும் என்று நமக்குத் தெரியும். அந்தத் தெருவில் இருப்பவருக்குத் தெரியாது. அதைக் காட்டும் படம் நம் கம்ப்யூட்டரில் தூங்குகிறது. நான் வந்தால் அதைப் பெரிதாக அச்சடித்து, ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுவேன். வேறு ஒன்றும் செய்ய மாட்டேன்.’

இது ஓர் அறிக்கையா மச்சான்? இதில் புகழ் எங்கே, ஊட்டி எங்கே? ‘வேறு ஒன்றும் செய்ய மாட்டேன்’ என்று எந்த வேட்பாளராவது எழுதிக் கொடுப்பாரா? ஆனால் அது போன மறுநாளிலிருந்து வீட்டு வாசலில் ஆள் வர ஆரம்பித்தது. நான் சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பேன். கதவைத் திறந்தால் “மேடம் இருக்காங்களா?” என்று கேட்பார்கள். இருக்கிறார், உட்காருங்கள் என்று சொல்லி காபியும் நானே போட்டுக் கொடுத்தேன். எனக்கு ஆதரவாக இருக்கும் ஃபர்ஹான், திருவொற்றியூரில் டிரோன் விடும் பையன், என்னிடமே வந்து, “அண்ணாத்த, என் ஓட்டு உனக்குத்தான், அதுல டவுட்டே வேணாம். ஆனா அக்கா எழுதிகீறது சோக்கா கீது” என்கிறான். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் ஜானட்டிடம் முறையிட்டேன். தான் நடுநிலை என்றாள். அடுத்த நிமிடமே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மேளம் அடிக்கும் பொம்மை அனுப்பியிருக்கிறாள்.

இனி இன்று காலை நடந்த கொடுமையைச் சொல்கிறேன். நிலைமை கைமீறுகிறதே என்று நான் காசிமேட்டுப் பக்கம் ஒரு மண்டபம் பிடித்து, ஆதரவாளர் கூட்டம் ஏற்பாடு செய்தேன். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கூட்டம், இட்லி, வடகறி, கேசரி. அழைப்பிதழில் முகவரி போடவில்லை. பூமியையே அளக்கிற ஜனங்களுக்குப் போய் ‘மாதா கோயில் தாண்டி, டீக்கடை எதிர்ச் சந்து’ என்று எழுதுவது எவ்வளவு கேவலம்! அதனால் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டை மட்டும் அச்சடித்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எண்களை எங்கிருந்து எடுத்தேன் என்றால், நான் சர்வீஸில் இருந்தபோது பயன்படுத்திய பழைய வரைபடத்திலிருந்து. அங்கேதான் சனி பிடித்தது. அந்தக் காலத்து வரைபடம் பூமியை ஒரு கணக்கில் வைத்து வரைந்தது. இன்றைய போன், செயற்கைக்கோளின் கணக்கில் ஓடுகிறது. பழைய எண்ணை மாற்றாமல் போனில் போட்டால் புள்ளி நம் பக்கத்தில் ரெண்டு தெரு தள்ளி, கடல் பார்த்து விழும். இது ஒன்றும் எனக்குத் தெரியாத விஷயமில்லை. வேலைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்து, மறந்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டியவனே நான்தான்.

நான் மண்டபத்தில் வடகறியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறேன். ஆதரவாளர்கள் அத்தனை பேரும் காசிமேடு மீன் ஏலம் விடும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் “இங்கே மண்டபம் எங்கே?” என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். நம்மவர்கள் கேட்கவில்லை. புள்ளி இங்கே என்று போன் சொல்கிறது, அப்படியென்றால் மண்டபம்தான் இடம் மாறியிருக்க வேண்டும். போனை ஆகாயத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருடைய போன் துல்லியமானது என்று ஐஸ் தண்ணீரில் நின்றபடி வாக்குவாதம் செய்திருக்கிறார்கள். இதைப் பார்த்த மீன்காரப் பூவம்மா மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டாள். நம் பக்கத்தில் பேன்ட் போட்ட நாலு பேர் சேர்ந்து வந்து அளந்தால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாதா? “இன்னா சார், அளந்துகினு கீறீங்க? கடைய தூக்கப் போறீங்களா? எங்க வயித்துல அடிக்காதீங்க சாமி!” என்று அவள் கூச்சல் போட, பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் மீன் வெட்டுகிற கத்தியோடு எழுந்துவிட்டார்கள். என் ஆதரவாளர்கள் வாழ்க்கையில் முதல் முறையாக, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து, பூசை முடிந்து வஞ்சிரம் வாங்க வந்தாள் உங்கள் தங்கை. நான் கூப்பிடவில்லை. அவள் எல்லா ஞாயிறும் அங்கேதான் வாங்குகிறாள். “பூவம்மா, கத்திய கீழ வையி. இவுங்க நம்ம ஆளுங்க, வழி தெரியாம வந்துட்டாங்க” என்று சொல்லியிருக்கிறாள். பிறகு ஃபர்ஹானின் அழைப்பிதழை வாங்கிப் பார்த்தாளாம். ஒரே பார்வை. “பழைய ஷீட்ட பாத்து எழுதிட்டாரு மனுசன்” என்று சொல்லி நெற்றியில் கை வைத்துக்கொண்டாளாம். பூவம்மா விடவில்லை. “அப்ப இன்னாத்தத்தான் அளப்பீங்க நீங்க?” என்று கேட்டிருக்கிறாள். அதற்கு ஹில்டா அந்தத் தண்ணீர் ஏறும் படத்தைப் பற்றிச் சொன்னாளாம். “எங்க தெருவுக்கு எப்ப வரும்னு முன்னாடியே சொல்லுவியா? போன தபா ராத்திரி புள்ளைய தோள்ல தூக்கிகினு நின்னேன்க்கா, கழுத்து வரைக்கும் தண்ணி” என்று பூவம்மா சொன்னாளாம். அப்புறம் ஆளாளுக்குக் கேள்வி கேட்க, அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல, என் செலவில் கூடிய கூட்டம் அவளுடைய பிரசாரக் கூட்டமாக நல்லபடியாக நடந்து முடிந்தது.

அது முடிந்து எல்லாரையும் அவளே மண்டபத்துக்கு அழைத்துவந்தாள். கையில் மீன் பை. என் இட்லியைச் சாப்பிட்டார்கள், என் வடகறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள், கை கழுவிவிட்டு அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். நீலமேகம் மட்டும் என்னிடம் வந்து, “கேசரி பிரமாதம் சார்” என்றார். நான் பேச்சு எழுதிவைத்திருந்தேன் மச்சான். சட்டைப் பையிலேயே இருந்தது. ஒருவரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. மனசு ரொம்ப விட்டுப்போச்சு.

ஆகவே தங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வாபஸ் வாங்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். உலகத்திலேயே அவள் மறுபேச்சு பேசாதது தங்களிடம் மட்டும்தான். ‘புருஷனை எதிர்த்து நிற்காதே’ என்று சொல்லாதீர்கள், அதற்கென்றே நிற்பாள். உடம்பைப் பார்த்துக்கொள், மழைக்காலத்தில் அலையாதே என்று பாசமாகச் சொல்லுங்கள். இது என் மானப் பிரச்சினை. அவளுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. எனக்கு இந்த ஒரு தடவைதான்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும் முத்தங்களும். தேவமாதா தங்கள் இல்லத்தைக் காத்து, தங்கள் நாவில் நல்ல வார்த்தையைத் தந்து, அதை வெள்ளிக்கிழமைக்குள் என் மனைவியிடம் பேசவைப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்
அ. யேசுதாஸ்
(தலைவர் பதவி வேட்பாளர்)

பி.கு.: இந்தக் கடிதத்தை அன்று எழுதி முடித்தேனே தவிர, தபாலில் போடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை போய்விட்டது, தேர்தலும் இன்று முடிந்துவிட்டது. மேலே எழுதியது எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கும்வரை என் பெயருக்கு நேரே போடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் படம் ஒரு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. ஹில்டாவுக்குப் போட்டுவிட்டேன். நீலமேகம் எண்ணி முடித்தார். எனக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு, மற்றதெல்லாம் அவளுக்கு. ஃபர்ஹான் வந்து, “உன் ஓட்டாவது உனக்கு வுழுந்துச்சே அண்ணாத்த” என்று தோளைத் தட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். மாலை பெரிசு, இருவர் மடியிலும் கிடந்தது. ஹில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தவள் திடீரென்று, “அறிவு கீதா உங்களுக்கு?” என்று பிடித்துக்கொண்டாள். “நான் உங்களுக்குப் போட்டேன். நீங்களும் உங்களுக்கே போட்டிருந்தா ரெண்டு வந்திருக்கும். ரெண்டு வந்திருந்தா, உங்களுக்கும் ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப பாரு, தனக்குத்தானே போட்டுகினாருன்னு ஊரே சிரிக்குது!” என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை மச்சான், அழுதுவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இன்னா சார், இந்த வயசுல வூட்டுக்குத் தெரியாம கல்யாணமா?” என்று கேட்டார்.

ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமா” என்றாள்.