பிரதட்சிணம் சிக்கிக்கொண்ட காடு

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன், மலைக்கோட்டை அடிவாரத்து ஜவுளிக் கடையில் சேலை கொள்முதல் பார்க்கிறவன், பார்க்க சுமாராகப் புத்தி உள்ளவன் போல் தெரிகிறவன், ஒரு முழு மனிதரைத் தானே ஒரு காட்டுக்குள் அடைத்து வைத்திருப்பதாக மாதக்கணக்கில் நம்பினான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரிக்கலாம். அந்த ஒருவன் நான்தான்.

காட்டுக்குள் இருந்தவர் பெயர் பிரதட்சிணம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ. அது கேஸ் ஏஜென்சிக்கும் பென்ஷன் ஆபீஸுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். உலகத்தில் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத மனிதர், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் அவர் ஒருவர்தான்.

ஸ்ரீரங்கத்தில் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சுற்றிப் போகின்றன. கோயிலை வலமாகத்தான் வர வேண்டும். மற்றவர்கள் இந்த முறையைப் பெருமாளைச் சேவிக்கப் போகும்போது கடைப்பிடிப்பார்கள். பிரதட்சிணம் தயிர் வாங்கப் போகும்போதும் கடைப்பிடிப்பார். எங்கள் அடுக்ககம் தெற்குச் சித்திரை வீதியில், கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பால் கடை நாலு கட்டடம் தள்ளி. ஆனால் வாசலில் இறங்கி இடது பக்கம் போக வேண்டும், அது அப்பிரதட்சிணம். ஆகவே மனிதர் வலது பக்கம் திரும்பி, மேற்கு, வடக்கு, கிழக்கு வீதிகளை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, பால் கடைக்குப் பின்பக்கமாக வருகிற மாதிரி வந்து சேருவார். பால் வாங்கினால் வீடு நாலு கட்டடத்தில் வந்துவிடும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஆட்டோக்காரர்கள் அவரைக் கண்டால் மீட்டரைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பார்கள்.

"ஸ்டேஷன் இந்தா இருக்கு சார், லெஃப்டுல போனா ரெண்டு நிமிஷம்."

"நீ வலமா போ."

"அது ஊரையே சுத்திக்கிட்டு வரணும் சார்."

"சுத்தறதுக்குத்தாண்டா இந்த ஊரையே கட்டியிருக்கா."

அவர் வீட்டில் சீலிங் ஃபேன் கிடையாது. கீழே இருந்து பார்த்தால் அது தப்பான திசையில் சுற்றுகிறதாம். "தலைக்கு மேல இருபத்து நாலு மணி நேரமும் அபசாரம் நடக்கறது, தூக்கம் எப்படி ஓய் வரும்?" என்று என்னைக் கேட்டார். அன்று முதல் எனக்கும் வரவில்லை. சர்க்கார் செய்த காரியங்களில் அவர் முழுமனதோடு பாராட்டியது ரவுண்டானாவை மட்டும்தான். கட்சி பேதம் இல்லாமல் அத்தனை வண்டியையும் வலம் வர வைத்துவிட்டார்கள் இல்லையா.

நான் எதிர் ஃப்ளாட்டுக்குக் குடிவந்த புதிது. என் மனைவிக்கு ஓசூரில் பள்ளிக்கூட வேலை, பையனும் அவளோடு. எனக்குக் கடை இங்கே. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் கணவன். மற்ற நாட்களில் வாடகைதாரர். தனி ஆளுக்குச் சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கைப்பிடி அரிசிக்கு குக்கர் விசில் கூட அடிக்காது, இவனுக்கு எதற்கு என்று உஸ்ஸென்று பெருமூச்சு விட்டு ஓய்ந்துவிடும். ராத்திரி செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் நானும் பதில் வணக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தேன். மரியாதை தெரிந்த குடும்பம் எங்களுடையது.

அப்படி ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. பிரதட்சிணம் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு மெஷின்.

"ஓய், உமக்கு வழி தெரியுமா?"

"எந்த ஊருக்கு சார்?"

"ஊருக்கு இல்லை. காட்டுக்குள்ள மாட்டிண்டுட்டேன். உள்ள வாரும், காட்டறேன்."

புனேயில் வேலை பார்க்கும் அவர் மகள், அப்பா தனியாக இருக்கிறாரே என்று வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் அது. அதில் ஒரு பையன் ஊர் ஊராகப் போகிறான். புல்லுக்குள் ஒளிந்திருக்கும் விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, ஓர் உருண்டைக்குள் அடைத்து, வளர்த்து, மற்றவர்களின் பிராணிகளோடு சண்டைக்கு விடுகிறான். பிரதட்சிணம் பிடித்த பிராணிகளுக்கு எல்லாம் நம் ஊர்களின் பெயரையே வைத்திருந்தார். தலையில் இலை முளைத்திருந்ததற்குத் தொட்டியம். மெதுவாக, ஆனால் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவதற்கு லால்குடி. சதா கத்திக்கொண்டிருந்த வௌவாலுக்கு மட்டும் பெயர் வைக்கும் உரிமையை எனக்குக் கொடுத்தார். நான் எங்கள் கடை முதலாளியின் பெயரை வைத்தேன். அது சண்டையில் தோற்றுச் சுருண்டு விழும் நாட்களில் எனக்கு நல்ல தூக்கம் வரும்.

ஆட்டத்தின் நடுவில் ஒரு காடு வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி இருட்டு, ஒரே மாதிரி பாதை. நடந்து நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவோம். காட்டின் வாயிலில் பச்சை உடுப்புப் போட்ட ஒரு பெண் நிற்கிறாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, சேர்ந்து போகலாமா என்று கேட்டு நம்மோடு வருகிறாள். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் நம் பிராணிகளுக்கு வைத்தியம் பார்த்துவிடுகிறாள். காட்டைத் தாண்டினால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அப்புறம் திரும்பி வந்து தேடினாலும் கிடைக்கமாட்டாள்.

"நல்ல பொண்ணு ஓய். வாயத் திறந்து ஒரு வார்த்தை அதிகமா பேசறதில்லை" என்றார்.

அன்று முதல் தினமும் ஆறரை மணிக்குக் கடையிலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, எதிர் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் காபி கலப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன். அந்த வீட்டில் காபி வலமாகத்தான் ஆற்றப்படும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காட்டுக்குள்ளும் அப்படியே. வலது, வலது, வலது. மீண்டும் பச்சை உடுப்புப் பெண் முதலில் நின்ற இடம்.

"ஒரு தடவை இடது பக்கம் போய்ப் பாக்கலாமே சார்?"

"காட்டுக்கு நடுவுல எந்தப் பெருமாள் எழுந்தருளியிருக்காரோ, யார் கண்டா? என்னத்தச் சுத்தறோம்னு தெரியாதப்போ வலமா சுத்தறதுதான் மரியாதை."

இந்த மனிதர் ஜென்மத்தில் வெளியே வரமாட்டார் என்று புரிந்தது. பரிதாபப்பட்டு, ஒரு நாள் கடையில் வியாபாரம் மந்தமாக இருந்தபோது கைப்பேசியில் அந்தக் காட்டின் வரைபடத்தைத் தேடிப் பார்த்தேன். வெகு சுலபம். பாசி பிடித்த ஒரு பாறை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இடது பக்கம் திரும்பினால் வாசல்.

வெற்றியோடு பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் வண்டி நின்றபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. இன்று இவர் காட்டைத் தாண்டிவிட்டால், நாளைக்கு ஆறரை மணிக்கு நான் எங்கே போவேன்?

அன்று சாயங்காலம் பாறை தென்பட்டதும், "அந்தப் பக்கம் வேண்டாம் சார், அப்பிரதட்சிணம்" என்றேன்.

"நல்ல வேளை, ஞாபகப்படுத்தினீர்" என்றார் அவர்.

அவ்வளவுதான். என் சாயங்காலங்கள் பத்திரமாகிவிட்டன. அவருடைய கொள்கை இருக்கும் வரை அவருக்குக் காடும் எனக்குக் காபியும் உண்டு. அதற்கப்புறம் பாறைக்கு ஐந்தாறு மரம் முன்னாலேயே நான் உஷாராகிவிடுவேன். "இந்தத் தொட்டியத்துக்கு ஒடம்பு சரியில்ல போலிருக்கே சார்" என்று பேச்சை மாற்றுவேன். ஒரு முறை தும்மினேன். ஒரு முறை காபியைக் கொட்டினேன். அவர் துடைத்துவிட்டு வந்து, "எங்க விட்டோம்?" என்பார். "வலது பக்கம் சார்" என்பேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அவர் தன் கல்யாணத்தில் சம்பந்திகள் சாத்தமுதில் உப்பு இல்லை என்று கோபித்துக்கொண்டு போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்ட தன் மனைவியைப் பற்றி அவர் பேசுவது அபூர்வம். கதை சுவாரஸ்யத்தில் நான் பாறையைக் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை. அவருடைய கட்டைவிரல் மட்டும் தன் பாட்டுக்கு இடது பக்கம் திருப்பிவிட்டது.

திரையில் மரங்கள் விலகின. வெளிச்சம் தெரிந்தது.

எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றும் தெரியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தேன்.

"என்ன ஓய்? என்ன பண்றது?"

"நெஞ்சு" என்றேன். வேறு உறுப்பு எதுவும் அவசரத்துக்குக் கிடைக்கவில்லை.

மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். நான் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லலாம் என்றிருந்தேன். அவர் தண்ணீருக்குப் போகவில்லை, ஆட்டோவுக்குப் போய்விட்டார். மாடியில் இருந்து என்னை ஏறக்குறைய சுமந்து இறக்கினார். நெஞ்சுவலியை நடுவில் வாபஸ் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆட்டோக்காரர் பழக்கப்பட்டவர். ஒன்றும் கேட்காமல் வண்டியை வலது பக்கம் வளைத்தார்.

"எங்கடா போற? ஆஸ்பத்திரி இந்தப் பக்கம். லெஃப்டுல விடு."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "சார், லெஃப்டா?"

"லெஃப்டுதாண்டா. உசுரு போயிண்டிருக்கு, சுத்திண்டு போறியே."

வண்டி இடது பக்கம் திரும்பியது. பால் கடைக்காரர் வெளியே வந்து நின்று பார்த்தார். கோயிலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நாங்கள் பறந்தோம். பிரதட்சிணம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது நிஜமாகவே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இசிஜி எடுத்தபோது கூட அது முழுதாக அடங்கவில்லை. அதனால் என் மானம் கொஞ்சம் பிழைத்தது.

நர்ஸம்மா சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "கூட வந்திருக்கறது யாருங்க? என்ன ஒறவு?"

நான் யோசித்தேன். அவரும் யோசித்தார்.

"எதிர் வீடு" என்றார்.

"எதிர் வீடுன்னு ஒறவு இல்லைங்களே சார்."

"இருக்கும்மா. எழுதிக்கோ."

டாக்டர் வெறும் கேஸ் என்றார். திரும்பி வரும்போது நான் தலையைத் தூக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவர் வெயிலுக்கு முன்னால் கிளம்பி, சித்திரை வீதியைத் திரும்பத் திரும்ப வலம் வந்துகொண்டிருந்ததை பால்கனியில் இருந்து பார்த்தேன். போன சுற்றைச் சரிக்கட்டுகிறார் போலிருக்கிறது. நான் கீழே இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை.

சாயங்காலம் போனபோது, "நேத்திக்கு சேவ் பண்ணாம சார்ஜ் போயிடுத்து ஓய். பழையபடி காட்டு நடுவுல நிக்கறோம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அவர் முகத்திலும் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

தீபாவளிக்கு மகள் வந்தாள். மாடிப்படியில் என்னைப் பார்த்து, "அங்கிள், அப்பாக்கு ரொம்பத் துணையா இருக்கேள், தேங்க்ஸ்" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பாவம், உங்கப்பா இன்னும் அந்தக் காட்டுலயேதான் சுத்திக்கிட்டு இருக்காரு. நானும் எவ்வளவோ வழி சொல்றேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா அந்தக் காட்டை எப்பவோ தாண்டிட்டார் அங்கிள். நான் வாங்கிக் கொடுத்த மாசமே மொத்த ஆட்டத்தையும் முடிச்சுட்டார். பெரிய பெரிய பிராணியெல்லாம் வெச்சிண்டிருந்தார். எனக்கு போட்டோ எடுத்து அனுப்புவார்."

"பின்ன இப்ப?"

"எதிர் வீட்டுக்கு ஒருத்தர் வந்திருக்கார், தனியா இருக்கார், கூப்பிட ஒரு சாக்கு வேணும்னார். அந்தக் காட்டுல ஒரு பொண்ணு கூட வருவாளே, அவ தாண்டினப்புறம் திரும்ப வரமாட்டா. திரும்ப அவளோட அந்தக் காட்டுக்குள்ள போகணும்னா எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அழிச்சுட்டார். நான் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். எனக்கே அழுகை வந்துடுத்து. 'பிராணிதானே, திரும்பப் பிடிச்சுக்கலாம்'னுட்டார்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பதறி, "என்ன அங்கிள், நெஞ்சா?" என்றாள்.

"கேஸ்" என்றேன்.

அவள் புனே திரும்பிய அன்று எதிர் வீட்டுக்குப் போனேன். அவர் மெஷினை எடுத்தார். நடந்தோம். பாறை வந்தது.

"சார், இங்க இடது பக்கம்" என்றேன்.

"தெரியும் ஓய்."

"எனக்கும் ரொம்ப நாளாத் தெரியும் சார்."

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அதுவும் தெரியும்" என்றார்.

இடது பக்கம் திரும்பினோம். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவர் மெஷினை அணைத்து அலமாரியில் வைத்தார். நான் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் கடையிலிருந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். போய்ச் சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை. கதவைத் தட்டினேன். "வாரும்" என்றார். அவர் மகளோடு இருக்கப் புனேக்குப் போகிற வரைக்கும், ஒவ்வொரு சாயங்காலமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.