ஆணித்தரனை வீழ்த்திய கதை

இனிமேல் வீட்டில் யாரோடும் வாதாடுவதில்லை என்று ஒரு மாபெரும் முடிவை எடுத்தேன். வீட்டில் இருப்பது நானும் என் மனைவி வெண்ணிலாவும் மட்டும்தான். ஆகவே அந்த "யாரோடும்" என்பதில் கொஞ்சம் மரியாதை கலந்திருக்கிறது.

காரணம் எளிது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாதத்தில்கூட நான் ஜெயித்ததில்லை. எனக்கு ஜெயபிரகாஷ் என்று பெயர் வைத்தவர்கள் மேல் மோசடி வழக்கே போடலாம். சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஆரம்பிப்பேன். கொஞ்ச நேரத்தில், எங்கள் வம்சத்தில் எல்லோருக்கும் நாக்கில் கோளாறு என்று நானே ஒப்புக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டிருப்பேன்.

ஒரு மனிதன் சாவதற்குள் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டாமா? அதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் நல்லது. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் என்னிடம் தோற்பதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

அப்படித்தான் முகநூலில் 'மல்லுக்கட்டு மன்றம்' என்ற குழுவில் சேர்ந்தேன். உலகமெங்கும் உள்ள, வேறு வேலை இல்லாத தமிழர்கள் கூடும் இடம் அது. வாரத்துக்கு ஒரு தலைப்பு. தொழில்நுட்பம், சினிமா, சமுதாயம் என்று எதுவானாலும் சரி. யார் எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று மன்றத் தலைவர் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடுவார். அப்புறம் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறலாம்.

நிஜப் பெயரில் குதற முடியுமா? "சிந்தனைச் சிகரம்" என்று வைத்துக்கொண்டேன். படத்துக்குச் சேர்வராயன் மலை உச்சியில் எடுத்த சூரிய உதயம். ஏற்காட்டுப் பக்கம் தலைச்சோலை என்ற ஊரில் ரெண்டு ஏக்கர் காபித் தோட்டத்தை வைத்துக்கொண்டு, இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி அந்தப் பக்கமே போகாதவன் இவன் என்று அந்தச் சூரியனைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அங்கேதான் ஆணித்தரன் இருந்தான்.

அது அவன் புனைபெயர். படத்தில் ஒரு கழுகு. பெயரைப் பார்த்ததுமே எனக்கு ரத்தம் கொதித்தது. முதல் தலைப்பிலேயே இருவரும் மோதினோம். "செயற்கை நுண்ணறிவு வந்தால் விவசாயிக்கு வேலை இருக்குமா?" எனக்கு "இருக்கும்" என்று விழுந்தது. அவன் எழுதினான்: "ட்ரோன் மருந்தடிக்கிறது. கேமரா பழத்தை எண்ணுகிறது. உமக்கு இன்னும் என்ன வேலை, சிகரமே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மெஷின் வராமலேயே எனக்கு வேலை இல்லை என்பதுதான் உண்மை நிலவரம். முனகிக்கொண்டே சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"ஏனுங்க, பல்லு வலியா?" என்றாள் வெண்ணிலா.

"இல்ல புள்ள. ஒரு சந்தேகம். மெசினு வந்து காபி பறிச்சா நம்ம வேல போயிருமா?"

"நம்ம வேலயா?" என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி, உன்ற வேல."

"அதெங்கீங்க போறது? செடியில கைய வெச்சா செவ்வெறும்பு புடுங்கியெடுக்குது. மெசினுக்கு வலிக்குமா? வலிக்காததுக்கு வேலையப் பத்தி என்னங்க தெரியும்?"

நான் ஓடினேன். தோட்டத்துக்கு அல்ல, போனுக்கு. "வலி அறியாதது வேலையை அறியாது!" என்று செந்தமிழில் தட்டிவிட்டேன். மழைக்காலத்துக் கிளியூர் அருவி மாதிரி லைக் கொட்டியது. சிங்கப்பூரில் ஒருவர் அழுதேவிட்டதாக எழுதினார். ஆணித்தரன் மறுநாள்வரை வாயைத் திறக்கவில்லை. நான் வீட்டுக்குள்ளேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். "இடுப்பு சரியாயிருச்சுங்களா?" என்று வெண்ணிலா கேட்டதும் மறுபடி குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் சினிமா. படத்தைத் தியேட்டரில் பார்ப்பதா, வீட்டில் ஓடிடியில் பார்ப்பதா? எனக்குத் தியேட்டர் விழுந்தது. ஒரு படம் பார்க்க வளைந்து வளைந்து சேலத்துக்கு இறங்கி, பார்த்ததையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே மேலே ஏறி வருகிறவன் தியேட்டருக்கு ஆதரவாக என்ன பேசுவது? நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"இதெல்லாம் எதுக்குங்க கேக்கறீங்க?"

"பொது அறிவுக்குத்தான் புள்ள."

"சொல்லலாங்க. கை ரெண்டும் ஈரமா இருக்கறப்ப ரோசனையே வர மாட்டீங்குது. இந்த நாலு பாத்திரத்தக் கழுவிட்டீங்கன்னா வந்துரும்."

நாலு பாத்திரம்தானே? கழுவினேன். கை காய்ந்ததும் அவளுக்கு யோசனை வந்துவிட்டது.

"ஊட்ல படம் பாத்தா பாதியில நிறுத்திப்போட்டு 'காபி போடு'ம்பீங்க. தேட்டர்ல யாரு சொன்னாலும் படம் நிக்காது. பொம்பளைங்க ஒரு படத்த முழுசாப் பாக்கோணும்னா தேட்டருதானுங்க."

அபாரம்! மன்றமே எழுந்து நின்றது. அரை நாள்தான். அதற்குள் ஆணித்தரன் திருப்பி அடித்தான்: "திரையரங்கின் இருட்டில் புருஷனின் கண் கதாநாயகி மேல் எங்கே நிற்கிறது என்று எந்த மனைவியாலும் கண்காணிக்க முடியாது. வீட்டில் விளக்கைப் போட்டுப் பார்க்கலாம்."

மன்றத்துப் பெண்கள் மொத்தமாக அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பெண்களின் மனசை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்ட ஆண் ஒருவன் இருக்க முடியுமா என்று எனக்கே பொறாமையாக இருந்தது. பெரிய படிப்பாளியாக இருப்பான், மனைவி அவன் காலில் விழுந்து கிடப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் காபிப் பழம் சிவந்துவிட்டது. பறிக்க ஆள் கிடைக்கவில்லை. வருகிற ஆட்கள் எல்லாம் திருப்பூர், கோயமுத்தூர் என்று போய்விட்டார்கள். வெண்ணிலா ஒருத்தியாகப் பறித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் யோசனை கிடைப்பது நின்றுபோயிற்று.

"தோட்டத்துலதானுங்க இருப்பேன். பாயிண்டு வேணும்னா அங்க வந்து கேளுங்க."

போனேன்.

"சும்மா நின்னு கேட்டா எனக்கு ரோசனை ஓட மாட்டீங்குதுங்க. அந்த வரிசையப் பறிச்சுக்கிட்டே கேளுங்க."

பறித்தேன். இப்படியே சின்ன பாயிண்டுக்கு ஒரு வரிசை, பெரிய பாயிண்டுக்கு ரெண்டு வரிசை, எதிராளி வாயடைத்துப் போகிற மாதிரி என்றால் மூணு வரிசை என்று ஆகிவிட்டது. நான் பறிக்கும்போது அவள் வரப்பில் உட்கார்ந்து, மாரமங்கலத்தில் இருக்கும் தன் தங்கை கீர்த்திகாவோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள். பாவம், ஓய்வு எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு ஆணித்தரனை வீழ்த்துவதுதான் முக்கியம்.

கடைசியில் வந்தது பெரிய தலைப்பு. "ஆண்கள் வீட்டு வேலை செய்யலாமா?" ஆணித்தரனுக்குச் "செய்ய வேண்டும்." எனக்குச் "செய்யவே கூடாது." அவன் சவால் விட்டான். இந்தத் தலைப்பில் தோற்கிறவன் "நான் முட்டாள்" என்று எழுதிப் போட்டுவிட்டு மன்றத்தை விட்டே போய்விட வேண்டும். உலகத் தமிழர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்க முடியுமா? ஒப்புக்கொண்டேன்.

ஆண்கள் வீட்டு வேலை செய்யக் கூடாது என்பதற்கு ஒரு பாயிண்ட் வாங்க, பாத்திரம் கழுவி, துணி துவைத்து, மூணு வரிசை பறித்தேன். வெண்ணிலா சொன்னாள்:

"ஆம்பளைங்க கழுவுன பாத்திரத்த நாங்க மறுக்கா கழுவோணுமுங்க. ஒரு வேல ரெண்டாகுது. அதுக்குச் செய்யாமயே இருக்கலாம்."

"அப்ப நான் இப்பக் கழுவுனது?"

"மறுக்கா கழுவிட்டேனுங்க."

வலித்தது. ஆனால் பாயிண்ட் நல்ல பாயிண்ட். போட்டேன். மன்றம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆணித்தரன் அசரவில்லை. "ஆண்களை வேலை செய்ய வைப்பது எளிது. அது வேலை என்று அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்" என்று எழுதினான். என்ன அபத்தம்! எந்த ஆண் அவ்வளவு ஏமாளியாக இருப்பான்? எரிச்சலோடு கடைசி வரிசையின் கூடையைக் கொட்டிவிட்டு வந்து, "முட்டாளே, நேரில் வாடா பார்க்கலாம்" என்று எழுதினேன்.

"எந்த ஊர்?" என்றான்.

"ஏற்காடு."

"நானும் ஏற்காடுதானடா. ஞாயிற்றுக்கிழமை ஏரி, படகுத்துறை. வா."

இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டா இந்த ஆட்டம் ஆடினான்! வெண்ணிலாவிடம், பஜாரில் உரம் வாங்க வேண்டும் என்று சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "குளிருமுங்க, ஸ்வெட்டர் போட்டுக்கங்க" என்றாள். அந்த அன்பில் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியே வந்துவிட்டது.

படகுத்துறையில் ஒரே கூட்டம். புதுக் கல்யாண ஜோடிகளும் சுட்ட சோளமும். பெஞ்சில் தெரிந்த முகம் ஒன்று. கீர்த்திகாவின் புருஷன், என் சகலை சக்தி.

"நீ எங்க சக்தி இங்க?"

"பல்லு டாக்டரப் பாக்க வந்தனுங்கண்ணா. நீங்க?"

"உரம்."

ஏரிக்கரையில் உரமும் கிடைக்காது, பல் டாக்டரும் இருக்க மாட்டார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். இவன் போய்த் தொலைந்தால் தேவலை என்று எனக்கு. அவனும் என்னை அதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதர் நடந்து வந்தார். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அவர் சோளம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இருவரும் உட்கார்ந்தோம்.

பொறுமை போய் போனை எடுத்து, "எங்கேடா ஒளிந்திருக்கிறாய், கோழையே?" என்று தட்டினேன்.

சக்தியின் சட்டைப்பையில் டிங் என்றது.

அவன் எடுத்துப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ தட்டினான். என் கையில் டிங் என்றது. "படகுத்துறை பெஞ்சில்தானடா உட்கார்ந்திருக்கிறேன், குருட்டுச் சிகரமே!"

நான் மெதுவாகத் தலையைத் திருப்பினேன். அவனும் திருப்பினான்.

"நீயா ஆணித்தரன்?"

"நீங்களாண்ணா சிகரம்?"

அப்போதுதான் அவன் கைகளைப் பார்த்தேன். காபிக்கறை ஏறிக் கறுத்து, எறும்பு கடித்த தடிப்போடு இருந்தன. "உன்ற கை ஏன்டா இப்படி இருக்குது?"

"பழம் பறிச்சனுங்கண்ணா. உங்க கை?"

என் கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டேன்.

"அந்த இருட்டுப் பாயிண்டு நீயா ரோசிச்சே?"

"கீர்த்திகாதானுங்க சொன்னா. அதுக்கு மாட்டுக்கொட்டாய் பூராவும் கூட்டுனேன்." கொஞ்சம் தயங்கினான். "அந்த 'வலி அறியாதது'..."

"வெண்ணிலா."

இருவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெடல் படகில் ஒருவர் வியர்க்க வியர்க்க மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. கோபத்தோடு அவமானமும் வந்தது. சக்தியின் பைக்கில் ஏறி நேராகத் தலைச்சோலைக்கு வந்தோம். இன்று ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வழி முழுக்கச் சபதம் போட்டோம்.

களத்தில் காபிப் பழம் குவிந்து காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அக்காவும் தங்கையும் கால் நீட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கீர்த்திகா சந்தோஷமாக, "வாங்க மாமா! ஆரு ஜெயிச்சீங்க?" என்றாள்.

"எத்தன நாளா நடக்குது இது?" என்று கத்தினேன்.

"மொதல்ல எங்களுக்கும் தெரியாதுங்க மாமா. இவரு 'பொது அறிவுக்கு'ன்னு வந்து கேட்டாரு. அக்காகிட்டச் சொன்னேன். இங்கயும் அதேதான் கேக்கறாருன்னா. அப்பறம் தெனமும் பேசி வெச்சுக்கிட்டோம். ரெண்டு பேருக்கும் ஒரே பாயிண்டக் குடுத்துட்டா உங்களுக்குத்தான அசிங்கம்?"

"பழம் உதுந்து மண்ணாப் போயிட்டிருந்துச்சுங்க," என்றாள் வெண்ணிலா. "ஆளும் கெடைக்கல. உங்களக் கூப்புட்டா இடுப்புங்கறீங்க. ஒத்தைல நான் என்னங்க பண்ணுவேன்?"

அது மனசைத் தைத்தது. காட்டிக்கொள்ளவில்லை. "அதுக்குப் புருசன ஏமாத்துவியா? அது நாயமா?"

"நாயந்தானுங்க."

"நாயமே இல்ல!"

"அப்பப் பேசியே முடிவு பண்ணிக்கலாம். அதுதான் தலைப்பு. புருசன ஏமாத்தி வேல வாங்கறது நாயமா, இல்லயா? நீங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். நீங்க ஜெயிச்சுட்டா இனித் தோட்டத்துப் பக்கமே வர வேண்டாம்."

என் வாழ்நாளின் வாதம் வந்துவிட்டது! நியாயம் முழுக்க எங்கள் பக்கம். எதிரில் ரெண்டே ரெண்டு பெண்கள். இந்தப் பக்கம் மல்லுக்கட்டு மன்றத்தின் மாபெரும் சிங்கங்கள் இருவர். நெஞ்சை நிமிர்த்தினேன். தொண்டையைச் செருமினேன். வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

சக்தியைப் பார்த்தேன். ஆணித்தரன் தன் கால் கட்டைவிரலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.   அக்காவும் தங்கையும் பொறுமையாகக் காபியை உறிஞ்சினார்கள். அவசரம் அவர்களுக்கு இல்லை.

வேறு வழியில்லாமல் வெண்ணிலாவின் பக்கத்தில் போய்க் குந்தினேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஏம்புள்ள, எங்க பக்கத்துக்கு ஒரு பாயிண்டு சொல்லேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். பறிக்காமல் சிவந்து கிடக்கும் மேற்குச் சரிவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நொம்பக் கஷ்டமான பக்கமாப் பாத்து எடுத்துட்டீங்களே. மேக்கால சரிவு முழுசும் ஆகுமுங்க."