நண்டுகளுக்கு ஒரு நேர்காணல்

நண்டுகள் வேலைக்குச் சேர்ந்த மறுநாளே காணாமல் போயின. வரவேற்பறையில் இருந்த பெரிய உப்புநீர்த் தொட்டிக்குள் மீன்கள் இருந்தன, பவளங்கள் இருந்தன, நண்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடிக்கொண்டிருந்தார் நேர்முகம்.

அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயிண்ட் கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில் உதவியாளராகவே தலை நரைத்துவிட்டதால் எல்லாருக்கும் அவர் நேர்முகம்தான். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவருடைய சகலை, அவரைவிட வயதில் சின்னவன், எங்கேயோ மேனேஜராகிவிட்டான். அன்றிலிருந்து இவர் குழம்பில் உப்பில்லை என்றால்கூட, மனைவி தங்கச்சி புருஷனின் பதவியைத்தான் பதிலாக ஊற்றுகிறாள். மேனேஜர் ஆனால் ஒழிய நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது மனிதருக்கு.

அந்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டனுப்பினார். தொட்டியில் பாசி படிகிறது, பாசி தின்கிற நண்டாகப் பார்த்து வாங்கிப் போடுங்கள், இனிமேல் தொட்டி உங்கள் பொறுப்பு என்றார். கடைசியில் சொன்னதுதான் முக்கியம்.

"இதை நீங்க எப்படிச் செய்றீங்கன்னு பார்த்துட்டு, உங்க பதவி உயர்வைப் பத்தி முடிவு பண்றேன்."

நேர்முகத்துக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மனைவி அப்போதே தங்கைக்குப் போன் போட்டுவிட்டாள்.

மீன் கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று சாதுவான கடல் நண்டு. நாள் பூராவும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், பாசியை மேயும், வம்புதும்புக்குப் போகாது. இன்னொன்று சிவப்புக் கொடுக்கு வைத்த ஜாதி, பாதி நேரம் தண்ணீரிலும் பாதி நேரம் கரையிலும் வாழும். கொஞ்சம் விவரம் உள்ளவன் எவனும் முதலாவதை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பான். நேர்முகமோ இத்தனை வருஷமாக மனிதர்களைத் தேர்ந்தெடுத்துப் பழகியவர்.

"கரை இல்லேன்னா இது தங்காது சார். ஏறி வெளியே வந்துடும்," என்று கடைக்காரர் எச்சரித்தார்.

"குடுத்த இடத்துலயே உட்கார்ந்திருக்கறவங்க எங்ககிட்ட ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்க," என்றார் நேர்முகம். "தானா முன்வரணும். ரெண்டு இடத்துலயும் வேலை தெரிஞ்சிருக்கணும்."

சிவப்புக் கொடுக்கை உயர்த்தி அவரை மிரட்டிய நண்டைப் பார்த்து, தன்னம்பிக்கை என்றால் இதுதான் என்று மெச்சினார். மூலையில் ஒடுங்கிக் கிடந்த சாதுவுக்குத் தலைமைப் பண்பு போதாதென்று ஒதுக்கிவிட்டார். வேலியோரம் போன ஓணானை மடியில் எடுத்துக் கட்டிக்கொண்டது இப்படித்தான்.

நண்டுகள் தானாகவே முன்வந்தன. ஒன்று கணக்கரின் காபிக் கோப்பைக்குள் உட்கார்ந்திருந்தது. ஒன்று வரவேற்பறைப் பெண்ணின் கைப்பைக்குள் இருந்தது. மூன்றாவது, ஆர்டர் கொடுக்க வந்த பெரிய மனிதர் ஒருவரின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அவர் ஆர்டரையும் எடுத்துக்கொண்டு நொண்டியபடியே போனார். வரவேற்பறைப் பெண் இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு போன் எடுக்கத் தொடங்கினாள்.

கரைதானே கேட்கிறது, கட்டிக் கொடுத்தால் போயிற்று என்று நேர்முகம் நண்டுகளைப் பிடித்துத் திரும்ப உள்ளே விட்டு, தோட்டத்துக் கற்களைக் கழுவித் தொட்டிக்குள் ஒரு குன்று அடுக்கினார். மத்தியானம் குன்று சரிந்து, இருந்ததிலேயே அழகான பவளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. அதுவரை குழாயைப் பிடித்துச் சிரமப்பட்டு ஏறிய நண்டுகள், மிச்சக் கற்களில் படியேறுவதுபோல ஏறிப் போயின.

சரி, தண்ணீரைக் குறைப்போம் என்று பாதித் தொட்டியை இறைத்தார். மேலே இருந்த பவளங்கள் காற்றில் காய்ந்து வெளுத்தன. தண்ணீர் எட்டாத பம்பு காற்றைக் குடித்து ஊளையிட்டு, புகைந்து, அடங்கியது.

அடுத்து மேலே பலகை போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டி அடைத்தார். உள்ளே வெக்கை. நண்டுகளுக்குப் பொழுதும் போகவில்லை, பசியும் எடுத்தது. பாசி தின்னப் போட்டவை பாசியை மட்டும் விட்டுவிட்டு மீன்களை ஒவ்வொன்றாக முடித்தன.

முதலாளி தினமும் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "உங்க போக்குலயே செய்யுங்க, யாரையும் கேக்காதீங்க," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெருந்தன்மை நேர்முகத்தை அறுத்தது. வீட்டிலோ மனைவி புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். பதவி உயர்வு ஆர்டர் எப்போ வரும் என்று தினமும் கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டார்.

கடைசியில் அந்தக் கற்களையாவது வெளியே எடுத்துவிடலாம் என்று கையை விட்டார். சிவப்புக் கொடுக்கு பிடித்தது. அவர் உதறினார். கையிலிருந்த கல் கண்ணாடியில் பட்டது.

வரவேற்பறை முழுக்க உப்புத் தண்ணீர். சோபா நனைந்தது, தரைவிரிப்பு மிதந்தது. நண்டுகள் மட்டும் இப்போதுதான் தங்களுக்கு வசதியான இடம் கிடைத்தது என்று உலாத்தின. நேர்முகம் முழங்கால் நனைய உட்கார்ந்து அழுதார். வெட்கம் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது.

முதலாளி வந்தார். உடைந்த தொட்டியைப் பார்த்தார், காலியான இடத்தைப் பார்த்தார். பிறகு நேர்முகத்தைக் கைகொடுத்து எழுப்பினார்.

"வெளியூர்க் கிளைக்கு நீங்கதான் மேனேஜர். நாளைக்கே பொறுப்பு எடுத்துக்குங்க."

காதில் விழுந்தது நிஜம்தான் என்று நேர்முகத்துக்கு நம்பிக்கை வர நேரமாயிற்று. மனைவிக்குப் போன் போட்டார். அவள் பல வருஷத்துக்குப் பிறகு "ஏங்க" என்று குழைந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டு, நாற்காலி மேல் காலைத் தூக்கி உட்கார்ந்திருந்த வரவேற்பறைப் பெண்ணிடம் போனார். முதலாளிக்கு மனிதர்களை எடைபோடத் தெரிந்திருக்கிறது, தோல்வியைப் பார்க்காமல் முயற்சியைப் பார்க்கிறார் என்று தழுதழுத்தார்.

அவள் காலைக் கீழே விடாமலே சொன்னாள்:

"இந்தத் தொட்டி அவரோட மாமனார் குடுத்தது சார், அந்தக் கிளையும் மாமனார் ஆரம்பிச்சதுதான், தன் கையால ஒழிச்சா வீட்டுல பொல்லாப்புன்னு, ரெண்டுக்கும் பொருத்தமான ஆளை ரொம்ப நாளா தேடிட்டிருந்தாரு."